தனியாக வந்துவிட்ட பெண்ணுக்கு: எதை முதலில், எதை அப்புறம்

பிரச்சினையுள்ள வீட்டிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. தைரியமாக இரு, திரும்பிப் பார்க்காதே, உன் காலில் நில். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் உன் பழைய சிம் யார் பேரில் இருக்கிறது என்று அவர்களில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

செய்ய வேண்டியவை என்னென்ன என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும்: போன், சான்றிதழ், காசு, அறை, வேலை. வரிசைதான் தப்பிப்போகிறது. ஒரு உதாரணம். கோபத்தில் பழைய சிம்மை உடைத்துப் போட்டாயிற்று. மறுநாள் பணம் அனுப்பப் போனால் வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குப் போகிறது. வங்கிக்கு நேரில் போனால் எண்ணை மாற்ற அடையாள அட்டையின் அசல் வேண்டும் என்கிறார்கள். அசல் வீட்டு அலமாரியில். அலமாரிச் சாவி அம்மாவிடம். ஆக, வெளியே வந்து 3 நாள் முடிவதற்குள் அம்மாவுக்கு போன் செய்தாக வேண்டிய நிலை. இவ்வளவுக்கும் காரணம், எண்ணை மாற்றும் வேலைக்கு முன்னால் சிம்மை உடைத்தது.

இன்னொன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வீட்டில் அடி உதை இருந்திருந்தால், கிளம்புகிற நாளும் அதற்கடுத்த சில வாரங்களும்தான் ஆபத்து அதிகமான காலம். கட்டுப்பாடு கை நழுவுகிறது என்று தெரியும்போதுதான் அடிக்கிறவர் எல்லை மீறுவார். கணவனோ காதலனோ ஒருமுறையாவது கழுத்தை நெரித்திருந்தால் அதைச் சாதாரண அடியோடு சேர்த்து எண்ணக்கூடாது. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, துணைவன் கழுத்தை நெரித்த வரலாறு உள்ள பெண்களுக்குப் பிற்பாடு அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் துறை ஆய்வாளர் 1980களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கேள்விப் பட்டியலில் கழுத்து நெரிப்பும், வீட்டில் துப்பாக்கி இருப்பதும், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலும் தனித்தனிக் கேள்விகளாகவே இருக்கின்றன. இவற்றில் ஒன்றிருந்தாலும் தனியாகக் கிளம்புவது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது, 'கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்பது' மூன்றும் கூடாது. உங்கள் பகுதியில் உள்ள பெண்கள் உதவி எண்ணையோ காப்பகத்தையோ வேறொருவர் போனிலிருந்து முதலில் கூப்பிடுங்கள். கழுத்தை நெரித்தபின் குரல் கம்மினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெளியில் தழும்பே இல்லாமல் உள்ளே வீக்கம் கூடி, ஒன்றிரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறுவது உண்டு.

இனி போன்.

சிம் அப்பா பேரிலோ அண்ணன் பேரிலோ கணவன் பேரிலோ இருந்தால் அது சட்டப்படி அவருடைய எண். அவர் நினைத்தால் அதை முடக்கலாம், தொலைந்துவிட்டது என்று மாற்று சிம் வாங்கலாம், பில்லில் நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று பார்க்கலாம். மாற்று சிம் அவர் கைக்குப் போன நிமிடத்திலிருந்து உங்கள் வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றின் ஓடிபியும் அவர் கைக்குத்தான் போகும். அதனால் முதல் வேலை, உங்கள் பேரில், உங்கள் அடையாள அட்டையில் ஒரு புது சிம். இரண்டாவது, புது மின்னஞ்சல். இதை வீட்டுக் கணினியில் தொடங்காதீர்கள். அந்த பிரவுசரில் யாருடைய கணக்கு உள்நுழைந்து கிடக்கிறதோ அவருக்கு நீங்கள் தேடியதும் போகலாம், பாஸ்வேர்டும் போகலாம். மூன்றாவது, வங்கியில் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுவது. நான்காவது, அரசு அடையாள ஆவணங்களோடு இணைந்த எண். மற்றதெல்லாம் அதற்கப்புறம். பழைய சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு 2, 3 மாதம் உயிரோடு வையுங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கணக்கு அந்த எண்ணைக் கேட்டே தீரும். முழுக்கக் கைவிடும் முன், அந்த எண் எந்தக் கணக்கிலும் மீட்பு எண்ணாக இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில காலத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணி இருக்கிறது, நிறையப் பேர் விழுவது அதில்தான். உள்ளேயே 'சேஞ்ச் நம்பர்' என்றொரு வசதி உண்டு. பழைய கணக்கு அப்படியே புது எண்ணுக்கு வந்துவிடும், சௌகரியம்தான். ஆனால் தொடர்புகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், நீங்கள் இருக்கிற குழுக்களுக்கெல்லாம் எண் மாறிய தகவல் போய்விடும். அதாவது சித்தப்பா முதல் மாமா வரை இருக்கிற குடும்பக் குழுவில் உங்கள் புது எண் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். புது எண்ணில் புதிதாகக் கணக்குத் தொடங்குவதுதான் சரி. பழைய உரையாடல்களில் மிரட்டல்கள் இருந்தால், கணக்கை அழிக்கும் முன் அவற்றை ஏற்றுமதி செய்தோ, எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ வைக்க வேண்டும். புதுக் கணக்கு தொடங்கிய கையோடு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்கப் பின் போடுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பழைய கணக்கு இன்னும் உயிரோடிருந்தால் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு கணக்கோடு 4 கருவிகள் வரை இணைக்கலாம். வீட்டில் யாரோ 2 நிமிடம் உங்கள் போனை வாங்கிப் பார்த்திருந்தால் அதில் ஒரு கருவி அவர்களுடையதாக இருக்கலாம்.

மின்னஞ்சலில் பாஸ்வேர்டு மாற்றினால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஜிமெயிலில் ஃபார்வர்டிங் என்றொரு அமைப்பு உண்டு. வருகிற கடிதமெல்லாம் இன்னொரு முகவரிக்கும் நகல் போகும்படி அதில் செய்துவிடலாம். பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். போன் செயலியில் இது கண்ணில் படாது, கணினியில் திறந்து செட்டிங்ஸில் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஃபில்டர்ஸ், அதையும் பார்த்துவிடுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், உள்நுழைந்துள்ள கருவிகள் மூன்றும் இருக்கும். தெரியாத கருவியை வெளியேற்றிவிட்டு, அதற்கப்புறம் பாஸ்வேர்டு. பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் போடாதீர்கள். அம்மா பிறந்த ஊர், முதலில் படித்த பள்ளி, செல்லப் பெயர்... இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இடம் காட்டும் விஷயத்துக்கு நேரம் முக்கியம். கூகுள் மேப்ஸ் லொகேஷன் ஷேரிங்கையோ ஐபோனின் ஃபைண்ட் மையையோ கிளம்புவதற்கு 2 நாள் முன்பே நிறுத்தினால், 'ஏன் உன் இடம் தெரியவில்லை' என்ற கேள்வி அன்று இரவே வரும். சண்டை அதில் ஆரம்பித்துவிடும். கிளம்பும் நேரத்தில், வழியில், நிறுத்த வேண்டும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் 'சேஃப்டி செக்' இருக்கிறது. யார் யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்பதை அது வரிசையாகக் காட்டும். எமர்ஜென்சி ரீசெட் என்பது எல்லாப் பகிர்வையும் ஒரே மூச்சில் வெட்டிவிடும். பக்கத்தில் ஆள் வந்துவிட்டால் திரையை மூட க்விக் எக்ஸிட் பொத்தானும் உண்டு. ஆண்ட்ராய்டில் இப்படி எல்லாவற்றையும் சேர்த்து வெட்டும் ஒற்றைப் பொத்தானை எதிர்பார்க்க வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்: மேப்ஸ், கூகுள் போட்டோஸில் பார்ட்னர் ஷேரிங் (உங்கள் படங்கள் தானாக இன்னொருவருக்கும் போகும் வசதி), லாக் ஸ்கிரீனில் பதிவாகியிருக்கிற கைரேகைகள். கைரேகை விஷயம் அற்பமாகத் தோன்றும். 3 விரல் பதிவாகியிருக்கிறது, அதில் ஒன்று உங்களுடையதில்லை என்றால் அப்புறம் எந்தப் பின்னும் உதவாது.

வேவு பார்க்கும் செயலி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்க அனுமதி பெற்ற செயலிகள்) பட்டியலையும் ஆக்சசிபிலிட்டி (திரையைப் படிக்க, இயக்க விடும்) அனுமதிகளையும் பாருங்கள். பேரே புரியாத ஒன்று அங்கே அனுமதி வாங்கியிருந்தால் அதுவாக இருக்கலாம். கெட்ட செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட் நீங்கள் தொடாமலே அணைந்து கிடந்தாலும் அடையாளம்தான். போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட் பெரும்பாலானவற்றைத் துடைத்துவிடும், ஆனால் பழைய பேக்கப்பை முழுசாக மீண்டும் இறக்கினால் பழைய வம்பும் கூடவே வரலாம். செயலிகளைப் புதிதாக நிறுவுங்கள். வழக்குப் போடும் எண்ணமிருந்தால் ரீசெட்டுக்கு முன் அந்தத் திரைகளை இன்னொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், துடைத்துவிட்டால் சாட்சியும் போய்விடும்.

பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் போன்ற ப்ளூடூத் வில்லைகள் சட்டைப் பொத்தானைவிடப் பெரியவை, ஆனால் பையின் உள்துணித் தையலுக்குள் போனால் தெரியாது. கடிகாரத்தில் போடுவது போன்ற ஒரு வட்ட பேட்டரியில் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடும். 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் முன்பின் தெரியாத வில்லை ஒன்று கூடவே வந்தால் எச்சரிக்கிற பொது ஏற்பாட்டுக்கு வந்திருக்கின்றன. எச்சரிக்கை வந்தால் உடனே பிடுங்கி எறியத் தோன்றும். பாதுகாப்பான இடத்தில், எண் தெரியும்படி படம் எடுத்த பிறகு எறியலாம். தங்கப்போகும் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தபின் கழற்றினால் பயனில்லை. அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருக்கும்.

போனுக்கு இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம், மற்ற தவறுகளைப் பிறகு சரி செய்துகொள்ளலாம், முகவரி ஒருமுறை கசிந்தால் அறையையே மாற்ற வேண்டும்.

ஆவணங்கள். பிறப்புச் சான்று, பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கடைசி மருந்துச் சீட்டு. திருமணமானவர் என்றால் அதன் பதிவுச் சான்று, குழந்தை இருந்தால் குழந்தையின் சான்றுகள். அசல் கிடைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் படம் எடுங்கள்: தரையில் வைத்து, நான்கு மூலையும் தெரிய, முன்னும் பின்னும், ஃப்ளாஷ் இல்லாமல். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதை வெளியே எடுத்துத்தான் எடுக்க வேண்டும், உறை பளபளத்து எண்ணை மறைத்துவிடும். படத்தைப் புது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு போனிலிருந்து அழியுங்கள், அழித்தவை கிடக்கும் குப்பைத் தொட்டியிலிருந்தும். படம் எடுக்கவும் வழியில்லையா, ஒரு துண்டுத்தாளில் எண், வழங்கிய அலுவலகம், வருடம் மூன்றையும் குறித்தால் போதும். நகல் சான்று வாங்க எந்த அலுவலகமும் முதலில் கேட்பது அந்த மூன்றைத்தான். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு 'வந்து வாங்கிக்கொள்' என்பார்கள். போகாதீர்கள். பெரும்பாலான சான்றுகளுக்கு நகல் வாங்க முடியும், சில வாரம் ஆகும், அலைச்சல் உண்டு, அவ்வளவுதான்.

18 வயது முடிந்தவர் என்றால் பெரும்பாலான நாடுகளில் எங்கே வாழ்வது என்பது உங்கள் முடிவு. வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் முந்திக்கொள்ளலாம். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம்: பெயர், வயது, இந்தத் தேதியில் என் சொந்த விருப்பத்தில் வெளியேறினேன், பாதுகாப்பாக இருக்கிறேன், என் முகவரியை யாரிடமும் தெரிவிக்க வேண்டாம், கையொப்பம். வயதுச் சான்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையொப்பமோ வாங்கிக்கொள்ள வேண்டும். கூட ஒரு வக்கீலோ பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவரோ வந்தால் நல்லது. தனியாகப் போனால் 'பெரியவங்க நல்லதுக்குத்தான் சொல்வாங்கம்மா' என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேச ஒருத்தர் கட்டாயம் இருப்பார். 18 நிறையாதவர் என்றால் சட்டம் வேறு. தோழி வீட்டில் ஒளிந்திருந்தால் தோழியின் அப்பா அம்மாவுக்குத்தான் சிக்கல் வரும். குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு வழியாகவே போக வேண்டும்.

காசுக் கணக்கு. 'ஒரு மாதச் செலவு கையில் இருக்கிறது, அதற்குள் வேலை கிடைத்துவிடும்' என்பதுதான் வழக்கமான கணக்கு, வழக்கமாகப் பொய்த்துப்போவதும் அதுவே. வேலை கிடைப்பதற்கும் சம்பளம் கைக்கு வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. 10ஆம் தேதி சேர்ந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் பல இடங்களில் மூடியிருக்கும். முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில். அதாவது 50 நாள்.

மாதச் செலவை 100 பங்கு என்று வையுங்கள், அதில் வாடகை 35, மற்றவை 65. ஐம்பது நாளில் வாடகை 2 முறை கொடுத்தாக வேண்டும், 70. மற்ற செலவு 108. முன்பணம் 2 மாத வாடகை என்றால் இன்னொரு 70. பாய், வாளி, பூட்டு, பல்பு, ஒரு பாத்திரம், வேலைக்குப் போட 2 உடுப்பு என்று ஒரு 30. கூட்டினால் 278. ஒரு மாதச் செலவு என்று நினைத்தது ஏறக்குறைய இரண்டே முக்கால் மாதச் செலவாக வந்து நிற்கிறது, அதிலும் வேலை முதல் நாளே கிடைத்துவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கு இது.

அவ்வளவு இல்லாதவர் என்ன செய்வது? கணக்கின் உறுப்புகளை மாற்ற வேண்டும். தனி அறைக்குப் பதில் விடுதியில் ஒரு கட்டில் எடுத்தால் முன்பணம் சுருங்கும், சாமான் செலவு அநேகமாக மறைந்துவிடும். மாதச் சம்பள வேலைக்குப் பதில் வாரக் கூலி தரும் வேலையில் முதலில் சேர்ந்தால் 50 நாள் 7 நாளாகிறது. படிப்புக்கேற்ற வேலைக்கு அதிலிருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். முதல் வேலை நல்ல வேலையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் 2 மாதம் போய்விடும், காசும் போய்விடும். உடனடிக் கடன் செயலிகள் பக்கம் போகவே கூடாது. வட்டியை விடுங்கள், நிறுவும்போதே உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்கின்ற செயலிகள் உண்டு. ஒரு தவணை தவறினால் அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் அழைப்பு போகும். ஒளிந்து வாழ்கிறவருக்கு இதைவிட மோசமான பொறி கிடையாது.

கூட்டுக் கணக்கு அட்டையைப் புது ஊரில் ஒரு தடவை தேய்த்தால் கடையின் பெயரோடு விவரம் மறுபக்கத்துக்கும் தெரியும். எடுக்க வேண்டியதைக் கிளம்பும் ஊரிலேயே ரொக்கமாக எடுத்துவிடுங்கள். வண்டி கூப்பிடும் செயலி, சாமான் வரவழைக்கும் செயலி குடும்பத்தோடு பொதுவாக இருந்தால் அதிலும் இதே கதைதான், கடைசியாகப் போன முகவரி அப்படியே இருக்கும்.

அறைக்கு வருவோம். முதல் 3 மாதத்துக்குப் பெண்கள் விடுதிக் கட்டில் போதும் என்பதுதான் என் கட்சி. தனிமை கிடைக்காது, வரிசையில் நின்று குளிக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் யாராவது வந்து தேடினால் வாசலில் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், காய்ச்சலில் படுத்தால் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருக்கிறாள். விடுதிப் பொறுப்பாளரிடம் முழுக்கதை சொல்ல வேண்டியதில்லை. 'என்னைத் தேடி யார் வந்தாலும், சொந்தக்காரர் என்று சொன்னாலும், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள்' என்ற ஒரு வாக்கியம் போதும். அதை எழுதியும் கொடுத்துவிடுங்கள், வேலைநேரம் மாறி வருகிற ஆளுக்கு வாய்மொழி போய்ச் சேராது.

தனி அறை பார்க்கும்போது பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். பகலில் அமைதியாக இருந்த தெரு இரவு எட்டரைக்கு வேறு முகம் காட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, போட்டுவிட்டுக் கதவைத் தோளால் தள்ளிப் பாருங்கள். திருகு ஆணிகள் குட்டையாக இருந்தாலோ, மரம் உளுத்திருந்தாலோ தாழ்ப்பாள் ஆடும். நீளமான ஆணி 4 வாங்கி மாற்றினால் சரியாகிவிடுகிற விஷயம். வெளிப்பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும்; முந்தைய குடித்தனக்காரர் கையில் எத்தனை சாவி இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. குடிபோகும் அன்று மின் மீட்டர் அளவு, நான்கு சுவர், குழாய், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் செய்வதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி அந்தப் படங்களைப் பார்த்ததும் அடங்கிவிடும். முன்பணத்துக்கு எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்கக்கூடாது, ஆள் எவ்வளவு தங்கமானவராகத் தெரிந்தாலும்.

வேலையில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இருக்கிறது. சேரும் நாளில் கொடுக்கிற படிவத்தில் அவசரத் தொடர்பு என்று ஒரு கட்டம் இருக்கும். கை பழக்கத்தில் அப்பா எண்ணை எழுதிவிடும். 4 மாதம் கழித்து ஒருநாள் நீங்கள் தலைசுற்றி உட்கார்ந்தால் அலுவலகத்தில் யாரோ அக்கறையாக அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள், முகவரியோடு. தோழி எண்ணைப் போடுங்கள், தோழியிடம் சொல்லியும் வையுங்கள். நிறுவன இணையப் பக்கத்தில், குழுப் படங்களில் பேரோடு வர வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

உடம்பு தன் கணக்கைத் தனியாக நடத்தும். முதல் வாரம் ஓட்டமும் பதற்றமுமாகப் போய்விடும், பசி தூக்கம் எதுவும் பெரிதாகத் தெரியாது. எல்லாம் ஒருவாறு அடங்கி உட்காரும்போதுதான் காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, தள்ளிப்போகும் மாதவிடாய், காரணமில்லாத அழுகை. கர்ப்ப வாய்ப்பு இருந்தால் அதைச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்; மன அழுத்தம் என்று நினைத்து நாள் கடத்த வேண்டாம். பக்கத்து அறைச் சாவி சத்தத்துக்கு நெஞ்சு துள்ளும். வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது, உடம்பு அதை மறக்க மாதங்கள் ஆகும். இரவு படுக்கும் முன் ஒரே வரிசையில் ஒரே வேலைகளைச் செய்வது உதவும்: தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, அடுப்பு, போன் சார்ஜரில், டார்ச்சும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில், செருப்பு கட்டிலடியில். ஒருமுறை பார்த்தாயிற்று என்றால் 'பார்த்தாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் மூன்றாம் தடவை எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கத்தை அது நிறுத்தும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள். 2, 3 மாதம் கழித்தும் கனவும் திடுக்கிடலும் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கிற நேரம் அது. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

வீட்டு ஞாபகம் வரும். அடித்த வீட்டின் ஞாபகமும் வரும். ஞாபகம் வருவதனால் நீங்கள் வெளியே வந்தது தப்பு என்று ஆகிவிடாது. பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் வரும், விளக்கு வைக்கும் வேளையில். அந்த ஒரு மணி நேரத்துக்கு நடை, வகுப்பு, நூலகம் என்று வெளியே போகிற வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அறையில் தனியாக இருந்தால் கை போனுக்குப் போகும்.

வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். வைத்துக்கொள்வதானால் ஒரே வழி, ஒரே நேரம். அதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று, வாரத்தில் ஒருநாள் மட்டும் திறப்பது. வந்த கடிதத்துக்கு அன்றே பதில் எழுதக்கூடாது. முதலில் கெஞ்சல் வரும், அடுத்து மிரட்டல், அப்புறம் அத்தையோ பெரியம்மாவோ தூது. கடைசியாக அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வரும். உண்மையாகவும் இருக்கலாம். எந்த மருத்துவமனை என்று கேட்டு, அங்கே நேராக விசாரியுங்கள், அல்லது பக்கம் சாயாத ஒரு பக்கத்து வீட்டுக்காரரை வைத்து விசாரியுங்கள். உண்மை என்றால் பொது இடத்தில், பகலில், கூட ஆளோடு, திரும்பும் டிக்கெட்டோடு போய்ப் பார்க்கலாம். வீட்டில் தங்கை தம்பி இருந்தால் அவர்களிடம் முகவரி சொல்லாதீர்கள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை ராத்திரி உட்காரவைத்து 'அக்கா எங்கே சொல்' என்று கேட்டால் அது என்ன செய்யும்? தெரியாது என்று அது உண்மையாகவே சொல்லும்படி விட்டுவையுங்கள்.

விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போவது என்றால், அதற்குச் சில வாரங்கள் போகட்டும். பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், 10 பொருளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் எந்த அறையில் எந்தத் தட்டில் என்பதோடு. காவலர் ஒருவரோ, அவர்கள் மரியாதை வைத்திருக்கிற வெளியாள் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அண்ணனோடு மல்லுக்கு நிற்கிற தோழர் வேண்டாம். வண்டி உடனே கிளம்பும்படி தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். உள்ளே 15 நிமிடம். உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். நின்றுகொண்டே பட்டியலைப் பாருங்கள். சான்றிதழ் முதலில், மருந்து, துணி, அப்புறம்தான் போட்டோ ஆல்பம். தையல் மிஷின் யாருடையது என்ற வழக்கு அங்கே ஆரம்பித்தால் அதை விட்டுவிட்டு வந்து வக்கீல் வழியாகக் கேளுங்கள். பைகளை அறைக்குக் கொண்டுபோகும் முன் வழியிலேயே எங்காவது நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கொட்டி, தையல் ஓரங்களைத் தடவிப் பாருங்கள்.